மாயவாசல் கதைகளைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும் முறை

துணி அலமாரிக்குள் நுழைந்த சிறுமி ஒருத்தி பனி மூடிய காட்டில் வெளிப்படுகிறாள். முயலைப் பின்தொடர்ந்து வளைக்குள் விழுந்த இன்னொருத்தி, சீட்டுக்கட்டு ராணி ஆளும் நாட்டில் போய் இறங்குகிறாள். சூறைக்காற்று தூக்கிச் சென்ற வீட்டோடு வேறொருத்தி முன்பின் அறியாத தேசத்தில் தரைதட்டுகிறாள். இவையெல்லாம் ஒரே குடும்பத்துக் கதைகள்: நாம் வாழும் உலகத்துக்கும் பிறிதோர் உலகத்துக்கும் நடுவே ஒரு வாசல் இருக்கும், எந்தச் சிறப்பும் இல்லாத ஒரு பிள்ளை அதைக் கடக்கும், பெரும்பாலும் திரும்பியும் வரும். லூயிஸ் கரோலின் ஆலிஸ் 1865இலும், ஃபிராங்க் பாமின் ஓஸ் 1900இலும், சி. எஸ். லூயிஸின் முதல் நார்னியா நூல் 1950இலும், பிலிப்பா பியர்ஸின் நள்ளிரவுத் தோட்டக் கதை 1958இலும், மைக்கேல் எண்டெயின் முடிவிலாக் கதை 1979இலும் வெளிவந்தன. இவற்றைப் புதிதாகத் திறக்கும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள்.

செங்கோட்டை, புளியரைப் பக்கத்திலும், மலையைத் தாண்டி ஆரியங்காவு, தென்மலை, குளத்தூப்புழை வரையிலும் தமிழ் பேசும் வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்கு இந்தப் புத்தகங்களை எப்படி வாசித்துக் காட்டலாம் என்பதை இங்கே எழுதுகிறேன். வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமோ மலையாளமோ பேசும் இப்பிள்ளைகளுள் பலருக்கு, ஆங்கிலப் புத்தகத்தைத் தாமே சரளமாகப் படிக்கும் பயிற்சி வருவதற்குள் இக்கதைகளுக்கு உரிய வயது கடந்துவிடுகிறது. ஆகவே பெரியவர் ஒருவர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தமிழில் சொல்வதே நடைமுறைக்கு ஒத்த வழி. அது தாழ்ந்த வழியும் அன்று. ஆலிஸின் கதையே 1862 ஜூலை 4ஆம் நாள், ஆக்ஸ்ஃபோர்டு ஆற்றில் படகு வலித்துச் சென்றபோது மூன்று சகோதரிகளுக்கு வாயால் சொல்லப்பட்டு, பிறகுதான் எழுத்துக்கு வந்தது.

இந்தக் கதைகள் ஏன் நிலைத்தன என்பதைச் சொல்பவர் தெளிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் எதை நிதானமாகச் சொல்வது, எதை விரைந்து கடப்பது என்பது அந்தத் தெளிவைப் பொறுத்தது. பலரும் மறு உலகத்தின் விசித்திரங்களையே காரணமாகக் காட்டுவார்கள். பேசும் சிங்கமும் பறக்கும் குரங்கும் எத்தனையோ கதைகளில் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவற்றின் பெயர்கூட இன்று யாருக்கும் நினைவில்லை. என் கணிப்பில், நின்றவை வாசலுக்கு இந்தப் பக்கத்தைச் சரியாகக் கட்டிய கதைகளே. அங்கே ஒரு பிள்ளை சலித்துக் கிடக்கிறது, அல்லது அயலார் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது, அல்லது பெரியவர்களின் முடிவுகளுக்கு நடுவே கேட்பாரற்று நிற்கிறது. வாசல் அதனிடம் குலமோ மதிப்பெண்ணோ வீரமோ கேட்பதில்லை. உள்ளே போனதும், வீட்டில் யாரும் பொருட்படுத்தாத அதே பிள்ளையின் சொல்லுக்கு எடை வந்துவிடுகிறது. இந்த மாற்றத்தைக் கேட்பவர் உணர வேண்டுமானால், முதலில் வீட்டின் சலிப்பை உணர்ந்திருக்க வேண்டும்.

எதில் தொடங்குவது

ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஓஸ் கதை ஏற்றது. அத்தியாயங்கள் குறுகியவை, மொத்தம் 24, வாக்கியங்கள் எளியவை, டோரத்தி யார், எங்கே போக விரும்புகிறாள் என்பதில் ஒருபோதும் குழப்பம் வராது. எட்டு முதல் பத்து வயதுக்குச் சிங்கம், சூனியக்காரி, அலமாரி மூன்றும் தலைப்பில் வரும் முதல் நார்னியா நூல். அதில் 17 அத்தியாயங்கள் இருப்பதால், நாளுக்கு ஒன்று என்று வைத்தாலும் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். பத்து வயதுக்கு மேல் பியர்ஸின் கதையையும், அதற்கும் சற்றுப் பின்னர் எண்டெயின் பெரிய நூலையும் எடுக்கலாம்.

எல்லாருக்கும் பெயர் தெரிந்த ஆலிஸை முதலில் எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அதன் உயிரில் பாதி ஆங்கிலச் சொல்விளையாட்டிலும், அக்காலத்துப் பள்ளிப் பாடல்களைக் கேலி செய்வதிலும் இருக்கிறது. தமிழில் சொல்லும்போது அவை உதிர்ந்துபோக, காரணமில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் சம்பவங்களே மிஞ்சும். இரண்டு மூன்று வாசல் கதைகளைக் கேட்டுப் பழகிய பிள்ளைகளுக்கு அந்தத் தாறுமாறே இன்பமாகிவிடும். புதிய பிள்ளைகளுக்கு ஆகாது. முயல் வளையில் விழும் முதல் அத்தியாயத்தை மட்டும் தனியாக எப்போது வேண்டுமானாலும் வாசிக்கலாம். அதைவிடச் சிறந்த வாசல் வருணனை எனக்குத் தெரியாது.

கரோல், பாம், இதே காலத்து ஆங்கிலச் சிறுவர் கதையாசிரியர் எடித் நெஸ்பிட் ஆகியோர் மறைந்து ஒரு நூற்றாண்டை ஒட்டியோ அதைத் தாண்டியோ ஆகிவிட்டதால், அவர்களுடைய நூல்களைத் தமிழில் எழுதிக்கொள்ளவும், படியெடுக்கவும், பள்ளி விழாவில் நாடகமாக்கவும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மற்றவர்களின் நூல்களை வாங்கியோ நூலகத்தில் எடுத்தோ பயன்படுத்துங்கள்.

வாசிக்கும் முன் செய்ய வேண்டியது

ஒவ்வொரு அத்தியாயத்தையும் முந்தைய நாளே நீங்கள் ஒருமுறை படித்திருக்க வேண்டும். ஆங்கிலத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொல்பவர் வாக்கியத்துக்கு வாக்கியம் தடுமாறினால் கேட்கும் பிள்ளைக்குக் கதை கிடைக்காது. பத்தி பத்தியாகப் பொருளை மனத்தில் வாங்கிக்கொண்டு, உங்கள் வீட்டுத் தமிழில் சொல்லுங்கள். முக்கியமான இடங்களை, குறிப்பாக வாசலைக் கடக்கும் பக்கத்தை மட்டும், தாளில் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு அப்படியே வாசிப்பது நல்லது. லூசி, எட்மண்ட், டோரத்தி ஆகிய பெயர்களை மாற்றாதீர்கள். ஆனால் உடன்பிறந்தார் பேசிக்கொள்ளும்போது நம் முறைப்படி சொல்லுங்கள். நார்னியாவுக்குப் போகும் நால்வரில் பீட்டர் மூத்தவன், சூசன் அடுத்தவள், எட்மண்ட் மூன்றாமவன், லூசி கடைக்குட்டி. லூசி “பீட்டர் அண்ணா” என்று கூப்பிட்டால், இரண்டு பேருக்கு அடங்கியும் ஒருத்தியை அடக்கியும் நடுவில் நிற்கும் எட்மண்டின் புழுக்கம் விளக்கமில்லாமலே விளங்கிவிடும்.

பிள்ளைகள் பார்த்திராத பொருள்களில் எதை முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று யோசியுங்கள். பனியைச் சொல்ல வேண்டியதில்லை. அது அவர்களுக்கு எப்படி அந்நியமோ அப்படியே லூசிக்கும் அந்த இடத்தில் எதிர்பாராதது. அலமாரியைச் சொல்லியே ஆக வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்தது இரும்பு பீரோ; அதன் தட்டுகளுக்கு நடுவே யாரும் நடந்து போக முடியாது. கதையில் வருவது ஆள் உயரத்துக்கு மேலான மர அலமாரி, தட்டுகள் இல்லாதது, குளிர்காலத்து ரோம அங்கிகள் வரிசையாகத் தொங்குவது. இதை முதல் நாளே சொல்லிவிட்டால் வாசல் வரும் நேரத்தில் நிறுத்தி விளக்க நேராது. கூடவே, லூசி அலமாரிக் கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போகிறாள் என்பதையும், உள்ளே நுழைந்து கதவை மூடிக்கொள்வது மடத்தனம் என்று லூயிஸ் கதைக்குள்ளேயே எச்சரிப்பதையும் விடாமல் சொல்லுங்கள். கதை கேட்ட ஆர்வத்தில் பீரோவுக்குள்ளும் பத்தாயத்துக்குள்ளும் ஏறி மூடிக்கொள்ளும் பிள்ளைகள் எந்த ஊரிலும் உண்டு; பத்தாயத்தின் மூடி உள்ளிருந்து திறக்காது.

இந்தப் பக்கத்தை அவசரப்படுத்தாமல் சொல்வது

ஓஸ் கதையின் முதல் அத்தியாயத்தில் மாயம் எதுவும் இல்லை. கான்சாஸ் சமவெளி சாம்பல் நிறம். உழுத நிலம், புல், வீட்டின் வண்ணம் எல்லாம் வெயிலில் வெளுத்துச் சாம்பலாகிவிட்டன. அத்தையின் கண்ணும் கன்னமும் மாமாவின் தாடியும் அதே நிறம். ஆசிரியர் அந்த ஒரு நிறத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். சொல்பவருக்கு இதைச் சுருக்கிவிட்டுச் சூறைக்காற்றுக்குப் போக ஆசை வரும். போகாதீர்கள். சாம்பல் என்ற சொல்லை அவர் சொன்ன இடத்திலெல்லாம் நீங்களும் சொல்லுங்கள்; பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினாலும் தொடருங்கள். அடுத்த அத்தியாயத்தில் டோரத்தி கதவைத் திறந்து பச்சைப் புல்லையும் பூக்களையும் காணும்போது அந்தப் பொறுமைக்குப் பலன் கிடைக்கும். 1939இல் வந்த திரைப்படம் கான்சாஸைப் பழுப்பு நிறத்திலும் ஓஸை முழு வண்ணத்திலும் காட்டியது இதே அத்தியாயத்தைப் புரிந்துகொண்டதால்தான்.

நார்னியாவில் இந்தப் பக்கம் என்பது போர்க்காலம். லண்டன் மீது விமானத் தாக்குதல் நடக்கும் என்பதால் நான்கு பிள்ளைகளையும் நாட்டுப்புறத்தில் ஒரு பேராசிரியர் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். 1939 செப்டம்பரில் பிரிட்டனின் நகரங்களிலிருந்து பிள்ளைகள் உண்மையாகவே இப்படி அனுப்பப்பட்டார்கள். லூயிஸின் ஆக்ஸ்ஃபோர்டு வீட்டிலும் சிலர் வந்து தங்கினார்கள். புத்தகத்தில் இது இரண்டொரு வரியில் கடந்துவிடும். நம் வட்டாரத்தில் அங்கே சற்று நின்று சொல்லலாம். குளத்தூப்புழை ரப்பர் தோட்டத்து லயங்களில், இலங்கையிலிருந்து திரும்பி வந்து குடியமர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். தகப்பன் வளைகுடாவிலும் தாய் ஆச்சி வீட்டிலுமாகப் பிரிந்து வாழும் பிள்ளைகள் இரு பக்கத்திலும் இருக்கிறார்கள். பெரியவர்கள் முடிவு செய்தார்கள், பிள்ளைகள் பெட்டியோடு வேறு வீட்டுக்குப் போனார்கள் என்பதற்கு மேல் அவர்களுக்கு எதுவும் விளக்க வேண்டியிராது.

எட்மண்ட் ஏன் ஒரு மிட்டாய்க்காகச் சொந்த அண்ணன், அக்கா, தங்கையைக் காட்டிக்கொடுக்கத் துணிகிறான் என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். அந்தச் சூனியக்காரி தருவது மந்திரம் ஏற்றிய தின்பண்டம் என்பது கதைக்குள் கிடைக்கும் பதில். கதைக்கு வெளியே இன்னொன்று உண்டு: போர் முடிந்து பல ஆண்டுகள் ஆகியும் பிரிட்டனில் இனிப்புகள் ரேஷனில்தான் கிடைத்தன, 1953 பிப்ரவரியில்தான் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. 1950இல் இக்கதையைப் படித்த பிள்ளைகள் வேண்டிய மட்டும் மிட்டாய் தின்ற அனுபவமே இல்லாதவர்கள். இதைச் சொன்னால் எட்மண்டின் மீதான கோபம் சற்றுத் தணிவதைப் பார்க்கலாம்.

வாசலில் நிற்பது

செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு ரயிலில் போன பிள்ளைக்கு வாசல் என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. 1904இல் திறக்கப்பட்டு, அகலப்பாதையாக்கப்பட்டு 2018இல் மீண்டும் ஓடத் தொடங்கிய தடம் அது. பகவதிபுரம் நிலையத்தைத் தாண்டியதும் வரும் குகைக்குள் வண்டி வெயிலோடு நுழைந்து, சாரல் மாதங்களில் பெரும்பாலும் மழைக்குள் வெளியேறுகிறது. அடுத்த நிலையத்தின் பெயர்ப்பலகையில் மலையாள எழுத்து வந்துவிடுகிறது. கதையைத் தொடங்கும் முன் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: குகைக்குள் இருக்கும்போது மறுபக்கம் வரப்போவதை முதலில் எதனால் அறிந்தாய், கண்ணாலா, காதாலா, தோலாலா? குளிர்ந்த காற்று, ஈரவாசனை, சத்தம் மாறுவது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பாதையே காணாதவர்களை மற்றவர்கள் பொறாமைப்பட வைப்பார்கள், அதுவும் நல்லதே.

இதைக் கேட்ட பிறகு லூசி அலமாரிக்குள் போகும் பக்கத்தை வாசியுங்கள். அந்தப் பக்கத்தில் கண்ணுக்கு வேலை கடைசியில்தான். முதலில் முகத்தில் மென்மையான ரோமம் உரசுகிறது. காலடியில் ஏதோ நொறுங்குகிறது, பாச்சா உருண்டை என்று நினைக்கிறாள். குனிந்து தொட்டால் பொடியாக, சில்லென்று இருக்கிறது. முகத்தில் உரசுவது ரோமம் போய்க் கரடுமுரடான கிளையாகிவிடுகிறது. அதற்குப் பிறகே தூரத்தில் வெளிச்சம். மாயம் எந்த வரியில் நடந்தது என்று கேட்டால் யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியாது. குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு தொடு உணர்ச்சிக்கும் இடம்விட்டு வாசிக்க வேண்டும். குரலில் ஆச்சரியத்தைக் கூட்டுவது கேடு. ஆச்சரியப்பட வேண்டியது கேட்பவர்.

ஆலிஸ் விழுவதையும் இப்படியே. கிணறு போன்ற பள்ளத்தில் அவள் அவ்வளவு மெதுவாக விழுகிறாள் என்றால், சுற்றிலும் உள்ள அலமாரித் தட்டுகளைப் பார்க்கவும், போகிற போக்கில் ஒரு ஜாடியை எடுக்கவும், அது காலியாக இருப்பதைக் கண்டு ஏமாறவும், கீழே இருப்பவர் தலையில் விழுந்துவிடுமே என்று அஞ்சி இன்னொரு தட்டில் அதைத் திருப்பி வைக்கவும் நேரம் இருக்கிறது. தலைகீழாகிப்போன உலகத்துக்குள் விழும்போதும் பிள்ளையின் ஒழுங்கு புத்தி மாறவில்லை. இதைச் சுருக்கி “ஆலிஸ் கிணற்றில் விழுந்தாள்” என்று சொல்லும் படப் புத்தகங்கள் விற்கின்றன; அவற்றை வாங்க வேண்டாம்.

வாசலைக் கடந்த அந்த நாளில், மறு உலகத்தில் முதல் ஆளைச் சந்திப்பதற்கு முன்பாகவே நிறுத்திக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். இருந்தாலும் அந்த ஓர் இரவு அவர்களுக்கு வேண்டும். நார்னியாவில் என்ன இருக்கும் என்பதை லூயிஸ் சொல்வதற்கு முன் தாங்களே கற்பித்துக்கொள்ள அது ஒன்றுதான் வாய்ப்பு. படங்களையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஆலிஸுக்கு ஜான் டெனியல் வரைந்தவையும், நார்னியாவுக்குப் பாலின் பேய்ன்ஸ் வரைந்தவையும் மிக நல்ல படங்கள். அந்தப் பகுதியைக் கேட்டு முடித்த பின்னரே காட்டுங்கள்.

“அவங்க வீட்டுல தேடமாட்டாங்களா?”

எந்தக் குழுவிலும் ஒரு பிள்ளை இதைக் கேட்கும். சொல்பவர் மழுப்பிவிட்டுப் போகக்கூடாத கேள்வி இது. இந்த வகைக் கதைகளின் நுட்பம் முழுவதும் இதற்கான விடையில் அடங்கியிருக்கிறது.

நார்னியாவில் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் இங்கே நேரம் நகர்வதில்லை. நான்கு பேரும் அங்கே அரசர்களாகவும் அரசிகளாகவும் வளர்ந்து, வயதாகி, ஒருநாள் தற்செயலாக அலமாரி வழியாக வெளியே விழுந்தால், உள்ளே போன அதே நாள், அதே மணி, பழைய வயது. யாரும் தேடவில்லை, யாருக்கும் கவலை இல்லை. பியர்ஸின் கதையில் கூடத்துக் கடிகாரம் பதின்மூன்று அடிக்கும் நேரத்தில்தான் டாம் தோட்டத்துக்குள் போகிறான். தம்பிக்குத் தட்டம்மை கண்டதால் சித்தி வீட்டுக்கு அனுப்பப்பட்டவன் அவன். பகலில் அந்த வீட்டின் பின்புறம் குப்பைத் தொட்டிகள் நிற்கும் சிறு முற்றம்தான். அந்தத் தோட்டம் எங்கிருந்து வந்தது என்பதை இங்கே சொல்லமாட்டேன். கடைசி இரண்டு அத்தியாயங்களைக் கட்டாயம் ஒரே நாளில் வாசியுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

டோரத்திக்கு இந்தச் சலுகை இல்லை. ஓஸில் ஒரு நாள் போனால் கான்சாஸிலும் ஒரு நாள் போகிறது. அவள் திரும்பி வரும்போது, சூறைக்காற்றில் போன வீட்டுக்குப் பதிலாக ஹென்றி மாமா புதுவீடு கட்டி முடித்திருக்கிறார். இடைப்பட்ட நாளெல்லாம் எம் அத்தை என்ன நினைத்திருப்பாள் என்ற கவலை டோரத்தியை விடுவதேயில்லை. பிள்ளைகள் இரவில் சன்னல் வழியாகப் பறந்து போய்விடும் பீட்டர் பேன் கதையில் பெற்றோர் சன்னலைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறார்கள். குற்ற உணர்ச்சியில் தகப்பனார் நாய்க்கூண்டில் போய்க் குடியிருக்கிறார். ஆகவே வீடு கவனிக்காத கதைகள், வீடு காத்திருக்கும் கதைகள் என்று இரு வகை. பிரிவைத் தாங்கிக்கொண்டிருக்கும் பிள்ளை குழுவில் இருந்தால் முதலில் நார்னியாவை எடுங்கள். அங்கே கவலையில்லாமல் போய்வர முடியும். ஓஸ் அந்தப் பிள்ளைக்குப் பிறகு நிறையத் தரும், ஆனால் பிறகு.

நம் பழங்கதைகளில் இதே கேள்விக்கு எதிர்ப்புறமான விடை இருக்கிறது. பாகவதத்தில் ககுத்மி என்ற அரசன் தன் மகள் ரேவதிக்கு வரன் கேட்க அவளையும் அழைத்துக்கொண்டு பிரம்மலோகம் போகிறான். அங்கே கந்தர்வர்களின் பாட்டு நடக்கிறது. முடியட்டும் என்று சற்றே காத்திருக்கிறான். பாட்டு முடிந்து கேட்டால், பூமியில் 27 சதுர்யுகங்கள் போய்விட்டன, நீ நினைத்து வந்த மாப்பிள்ளைகளின் பேரன்மாரின் பேர்கூட இப்போது இல்லை என்று பிரம்மா சிரிக்கிறார். ரேவதி திரும்பி வந்து பலராமனை மணக்கிறாள். இராமாயணத்தில் சீதையைத் தேடிச் சென்ற வானரர்கள் தாகத்தோடு ஓர் இருட்டுக் குகைக்குள் நுழைகிறார்கள். உள்ளே பொன்மரங்களும் மாளிகையும் சுயம்பிரபை என்ற தவசியும் இருக்கிறார்கள். கம்பர் இதற்குப் பிலம் புக்கு நீங்கு படலம் என்று தனிப் படலமே பாடியிருக்கிறார். வான்மீகத்தில் அவள் வானரர்களைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி வெளியே கொண்டுவந்து விடுகிறாள். வந்து பார்த்தால் சுக்கிரீவன் கொடுத்த ஒரு மாதக் கெடு கடந்துவிட்டிருக்கிறது. உள்ளே போனவர்கள் வெளியே கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தக் கதைகளை வாசல் கதை தொடங்குவதற்கு முன் சொல்லாதீர்கள். “இதெல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது” என்ற பேச்சாக அது முடிந்துவிடும். நார்னியா பாதியில் இருக்கும்போது, தேடமாட்டார்களா என்ற கேள்வி வந்த அன்றைக்குச் சொல்லுங்கள். வீட்டில் ஆச்சி இருந்தால் அவரையே சொல்லச் செய்வது இன்னும் சிறப்பு. பிறகு பிள்ளைகளையே கேளுங்கள்: வெளியே நேரம் நிற்பது நல்லதா, ஓடுவது நல்லதா? பெரியவர்களுக்கான பழங்கதை காலத்தின் விலையைக் கேட்டு வாங்குகிறது. பிள்ளைகளுக்காக எழுதியவர்கள் அந்த விலையைத் தள்ளுபடி செய்தார்கள். கவலையற்ற அந்த அனுமதிதான் இரவு உணவுக்குள் திரும்பிவிட வேண்டிய வயதில் இருப்பவர்களுக்கு இக்கதைகளை இத்தனை இனியவையாக்குகிறது என்று நினைக்கிறேன்.

அச்சமும் பழைய குறைகளும்

நார்னியாவின் 14ஆம் அத்தியாயத்தில் அஸ்லான் என்ற சிங்கம் கல்மேடையில் கொல்லப்படுகிறது. அந்த அத்தியாயத்தோடு நிறுத்திப் பிள்ளைகளை உறங்க அனுப்பாதீர்கள். 15ஐயும் சேர்த்து அன்றே வாசித்துவிடுங்கள். லூயிஸ் கிறிஸ்தவ நம்பிக்கையை மனத்தில் வைத்து அதை எழுதினார் என்பது உண்மையே. தேவாலயத்துக்குப் போகும் பிள்ளை தானே கண்டுபிடித்துச் சொன்னால் ஆமாம் என்று சொல்லுங்கள். நீங்களாக முந்திக்கொண்டு திறவுகோலைக் கையில் கொடுத்தால் சிங்கம் மறைந்து பாடம் மட்டுமே மிஞ்சும்.

பீட்டர் பேனில் அமெரிக்கப் பழங்குடியினரைக் காட்டும் விதம் இழிவானது. 1954இல் வந்த நார்னியாவின் ஐந்தாம் நூலில் தலைப்பாகை கட்டிய, கருநிற முகமுடைய கலோர்மென் நாட்டவர் பெரும்பாலும் கொடியவர்களாக வருகிறார்கள். நம் பிள்ளைக்கு அந்த முகம் தன் தாத்தாவின் முகம். சத்தமில்லாமல் வெட்டிவிடுவது எளிது, ஆனால் அதே பிள்ளை பின்னாளில் தானே படிக்கும்போது தனியாக அடிபடும். இடத்தில் நிறுத்தி, எழுதியவர் காலத்து ஆங்கிலேயர்கள் நம்மைப் போன்றவர்களை இப்படித்தான் எண்ணினார்கள், அது தவறு என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டுக் கதைக்குத் திரும்புங்கள். பதினொரு வயதுக்கு முன் அந்த நூலை எடுக்காமல் இருப்பதும் தகும்.

நேரமும் இடமும்

ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள், ஒரு நாளுக்கு அரை மணி நேரத்துக்கு மேற்படாமல், விளக்கு வைத்த பிறகு. மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்களில் வாயனசாலைகள் என்னும் ஊர் நூலகங்கள் இருக்கின்றன, கேரள நூலக இயக்கத்தை வளர்த்த பி. என். பணிக்கர் நினைவாக ஜூன் 19 அன்று கேரளத்தில் கொண்டாடப்படும் வாசிப்பு நாளை ஒட்டித் தமிழ்க் கதை வாசிப்பு ஒன்று கேட்டால், பொதுவாக இடம் கொடுப்பார்கள். அப்போது இரு பக்கமும் மழைக்காலம், விளையாட்டுத் திடல் காலியாக இருக்கும். செங்கோட்டைப் பக்கத்தில் வீட்டுத் திண்ணையே போதும்.

கதை முடிந்த பிறகு பிள்ளைகளைத் தங்கள் வாசலைத் தேட விடுங்கள். அரங்கு வீடு, மச்சு, ஊரணிப் படிக்கட்டு, பழைய ரயில் குவார்ட்டர்ஸின் பூட்டிய கதவு என்று எதையாவது தேர்ந்தெடுத்து எழுதட்டும். கதைச் சுருக்கம் கேட்காதீர்கள். நார்னியாவே லூயிஸ் ஏறத்தாழ 16 வயதில் மனத்தில் கண்ட ஒரு படத்திலிருந்து வந்தது: பனிக்காட்டில் குடையும் பொட்டலங்களுமாக நடந்துபோகும் ஓர் ஆட்டுக்கால் மனிதன். ஒரு படம், அந்த இடத்துக்குப் போவதற்கு ஒரு சலிப்பான காரணம், திரும்பி வர ஒரு விதி. இவ்வளவு இருந்தால் பத்து வயதுப் பிள்ளை இரண்டு பக்கம் எழுதிவிடும்.

முதல் நார்னியாவை முடித்த குழு அடுத்ததைக் கேட்கும். இப்போது கடைகளில் கிடைக்கும் பதிப்புகளில், 1955இல் வெளிவந்த மந்திரவாதியின் மருமகன் கதைக்கு எண் 1 இட்டிருப்பார்கள், ஏனென்றால் கதைக்குள் அதுவே முதலில் நடப்பது. அந்த எண்ணைப் பின்பற்றாமல், நூல்கள் வெளிவந்த வரிசையிலேயே செல்லுங்கள். அதை ஆறாவதாக வையுங்கள். நடுக்காட்டில் ஒரு விளக்குக் கம்பம் ஏன் எரிகிறது, அந்த அலமாரி எந்த மரத்தால் செய்யப்பட்டது என்ற இரண்டுக்கும் விடை அந்த நூலில் இருக்கிறது. ஐந்து நூல்கள் வரை அந்தக் கேள்விகளைச் சுமந்து வந்த பிள்ளைக்குத்தான் அந்த விடைகள் விடைகளாகப் படும். இரண்டாம் நூலுக்குப் போகும்போது எண் 4 என்று அட்டையில் பார்த்துவிட்டு யாராவது தகராறு செய்தால், அட்டைக்குப் பழைய செய்தித்தாளில் உறை போட்டுவிடுங்கள்.